டெஃப் எண்டே எழுதுங்க: காது கேக்காத ஆக்களப் பத்தி இங்கிலிஷ்ல கதைக்கிறது எப்பிடி

முதல்ல ஒருக்கா வாயால சொல்லிப் பாருங்க. டி, ஈ, ஏ, எஃப். டெஃப். டீஃப் இல்ல. இலைக்கு லீஃப் எண்டு சொல்றோம், நடுவுல அதே ரெண்டு எழுத்துத்தான் கிடக்கு, அப்ப இதுவும் டீஃப் தானே சேர் எண்டு என்ட கிளாஸ்ல ஒவ்வொரு பேட்ச்சிலயும் ஒரு ஆள் கேக்கும். நியாயமான கேள்விதான், அமெரிக்காவுல ஒரு காலத்துல அப்பிடியும் சொல்லியிருக்காங்க, நோவா வெப்ஸ்டர் 1828ல போட்ட டிக்ஷனரியில டீஃப் எண்டுதான் உச்சரிப்புக் குடுத்திருக்கார். இப்ப அப்பிடிச் சொன்னா ஒருத்தருக்கும் விளங்காது. டெஃப் தான்.

மறுகா கடைசியில வாற எஃப். மேல்பல்லு கீழ்உதட்டுல படணும். படாட்டி என்ன நடக்கும் எண்டு நான் பட்ட பாட்டச் சொல்றன். ஆரையம்பதியில இருக்கிற என்ட மச்சாளுக்குப் பிறவியில இருந்தே காது கேக்காது, தையல் கடை வச்சிருக்கா, அவக்கு ஒரு கடிதம் எடுக்கப் போன இடத்துல கவுன்டர்ல இருந்த ஐயாவுக்குத் தமிழ் விளங்கல்ல, என்ட சிங்களம் அரைகுறை, சரி எண்டு இங்கிலிஷ்ல டெஃப் சர்டிபிகேட் ஒண்டு வேணும் எண்டன். அவர் முகத்த ஒரு மாதிரி வச்சுக்கொண்டு, வெரி சொறி, வென் டிட் இட் ஹெப்பன் எண்டு கேட்டார். அவர்ர காதுல விழுந்தது டெத் சர்டிபிகேட். செத்த ஆள் எனக்குப் பக்கத்துல நிண்டு, என்ட கைய இழுத்து, என்னவாம் எண்டு கேக்குது. நான் சைகையால சொன்ன உடனே அவ சிரிச்ச சிரிப்புல அந்தக் கவுன்டரே திரும்பிப் பாத்திச்சு. அதால தனிச் சொல்லா எறியாதீங்க, முழு வசனமாச் சொல்லுங்க: ஷீ இஸ் டெஃப். அதுக்குப் பிறகு எந்தக் கடிதம் வேணுமோ அதக் கேளுங்க.

இந்த வசனத்துலயே அடுத்த பிழையும் வரும். ஷீ இஸ் எ டெஃப் எண்டு நடுவுல ஒரு எ போடுறது. தமிழ்ல செவிடன் எண்டது ஒரு ஆள், அந்தச் சொல்லுக்குள்ளயே ஆளும் இருக்கு, இங்கிலிஷ்ல டெஃப் எண்டது தன்மை மட்டும்தான், டோல், ஷோர்ட் மாதிரி. ஹீ இஸ் எ டோல் எண்டு சொல்லுவமா? அதேதான். எ டெஃப் மேன், எ டெஃப் கேர்ள், டெஃப் பீப்பிள். கனபேர் இருந்தா டெஃப்ஸ் எண்டு எஸ் போடுறதும் கூடாது. ஆஸ்பத்திரிக் கதையில நம்மட ஆக்கள் ஹிஸ் இயர் இஸ் நொட் வேர்க்கிங் எண்டு ஃபேனுக்குச் சொல்ற மாதிரி எழுதுறதையும் பாத்திருக்கன். பிறவியிலயே எண்டா போர்ன் டெஃப். இடையில கேக்காமப் போனா வென்ட் டெஃப், இசைமேதை பேட்டோவன் மாதிரி. அவ்வளவுதான்.

இனி முக்கியமான விசயம். நான் இத எழுதுறதே இதுக்காகத்தான்.

தமிழ்ல மரியாதை எண்டா சொல்ல நீட்டணும். செவிடு எண்டா ஏச்சு. காது கேளாதவர் எண்டா பரவாயில்ல. ஃபோர்ம்லயும் நோட்டீஸ்லயும் வந்தா செவிப்புலன் வலுவற்றோர். நீளமாப் போகப் போக மரியாதை கூடும். இந்தக் கணக்க அப்பிடியே தூக்கிக்கொண்டு இங்கிலிஷுக்குப் போறம், போய், டெஃப் எண்டது செவிடு மாதிரித்தானே, மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கே, கொஞ்சம் நாகரிகமா ஹியரிங் இம்பெயார்ட் எண்டு போடுவம் எண்டு நினைக்கிறம். அங்க கணக்கு தலைகீழ். டெஃப் எண்ட அந்தச் சின்னச் சொல்தான் அவங்களே தங்களுக்கு வச்சிருக்கிற பேர். இம்பெயார்ட் எண்டா பழுதாப் போன, சேதமான எண்டு அர்த்தம், அத நாகரிகம் எண்டு நினைச்சு எழுதுறது காது கேக்கிற நம்மதான்.

சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்புல எந்த ஒழுங்கைக்குள்ள போனாலும் ஒரு என்ஜிஓ போர்ட் இருந்த காலம், நானும் ஒண்டுல ரிப்போர்ட் எழுதுற வேலை பாத்தன். பக்கத்துக்குப் பக்கம் ஹியரிங் இம்பெயார்ட் பெனிஃபிஷரீஸ் எண்டு அடிச்சு வச்சிருந்தன், பெருமையாவும் இருந்திச்சு. கன காலத்துக்குப் பிறகு மச்சாளுக்கு இங்கிலிஷ் நல்லாப் பிடிபட்டு, வெளிநாட்டு டெஃப் ஆக்களோட சாட் பண்ணத் தொடங்கின பிறகு, அந்தப் பழைய ஃபைல் ஒண்டு அவட கையில மாட்டிச்சு. வாசிச்சுப் போட்டு போன்ல டைப் பண்ணிக் காட்டினா: நீ தைக்கக் குடுத்த சேர்ட் பழுதாப் போனா இம்பெயார்ட் எண்டு சொல்லு, எனக்குச் சொல்லாத. நான் டெஃப்.

இது மச்சாள் ஒரு ஆள்ர விருப்பம் எண்டு நினைக்காதீங்க. உலக டெஃப் சம்மேளனம் 1951ல ரோம்ல தொடங்கினது, அவங்களும் காது மந்தமான ஆக்கள்ர சர்வதேச அமைப்பும் சேர்ந்து 1991லயே டெஃப், ஹார்ட் ஒஃப் ஹியரிங், இந்த ரெண்டு சொல்லும்தான் வேணும் எண்டு முடிவெடுத்திட்டாங்க. உங்கட ஒபிஸ்ல மேலதிகாரி யாராவது, இல்ல தம்பி டெஃப் எண்டு எழுதினா காசு தாற டோனர் என்ன நினைப்பார் எண்டு பயந்தா, ஐநாவுட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கைய எடுத்துக் காட்டுங்க, 2006ல வந்தது, இலங்கை 2016ல ஏற்று உறுதிப்படுத்தினது. அதுல கல்வி பத்தின 24ஆம் பிரிவுல டெஃப் கொம்யூனிட்டி எண்டு நேராவே இருக்கு. காதும் கண்ணும் ரெண்டும் இல்லாத ஆக்களுக்கு டெஃப்பிளைன்ட் எண்டு ஒரே சொல்லாச் சேர்த்துப் போட்டிருக்கு, நீங்களும் சேர்த்தே எழுதுங்க. ஐநாவே எழுதினத டோனர் குறை சொல்லமாட்டார்.

ஹியரிங் லொஸ் எண்டது வேற. காது டொக்டரிட்ட, ஓடியோகிராம் ரிப்போர்ட்டுல, அது சரியான சொல். உலக சுகாதார நிறுவனம் 43 கோடிக்கு மேல ஆக்களுக்கு சிகிச்சையோ உதவியோ தேவைப்படுற அளவுக்கு ஹியரிங் லொஸ் இருக்கு எண்டு சொல்ற இடத்துலயும் சரி. ஆனா பிறக்கும்போதே கேக்காத ஒரு ஆளப் பாத்து நீங்க எதையோ லொஸ் பண்ணிட்டீங்க எண்டா, வச்சிருந்தாத்தானே லொஸ் பண்றதுக்கு. மருந்து எழுதுற துண்டுல அந்தச் சொல் இருக்கட்டும், வீட்டுக்குக் கொண்டு வராதீங்க.

இனி டெஃப் அண்ட் டம். இதக் கட்டாயம் விடணும். நம்மட பழைய தலைமுறை வாத்திமார் இத ஒரு சொல்லு மாதிரியே படிப்பிச்சாங்க, செவிட்டூமைக்கு இங்கிலிஷ் எண்டு. டம் எண்டதுக்கு ஆதியில வாய் பேசாத எண்டுதான் அர்த்தம், பிறகு மடையன் எண்ட அர்த்தம் ஒட்டிச்சு, ஜேர்மன் மொழியில மடையனுக்கு டும் எண்டு சொல்றதும் அதுக்கு ஒரு காரணம், இப்ப கேக்கிற எவருக்கும் மடையன் எண்டுதான் விழும். அதோட சொல்லே பொய். டெஃப் ஆக்கள் கனபேருக்குக் குரல் இருக்கு, தொண்டையில ஒரு பழுதும் இல்ல, கேக்காததால வாய்ப்பேச்சுப் பழகுறது கஷ்டம், அவ்வளவுதான். மச்சாள் கோவத்துல கத்தினா நாலு வீடு தாண்டிக் கேக்கும். ஹெலன் கெல்லர் பத்திக் கட்டுரை எழுதுற பிள்ளைகள் எல்லாம் டெஃப், டம் அண்ட் பிளைன்ட் எண்டு ஒரு வரி எழுதி, அதுக்கு அடுத்த வரியிலயே ஷீ கேவ் மெனி ஸ்பீச்சஸ் எண்டு எழுதுதுகள். டம்மான ஆள் எப்பிடி மனே ஸ்பீச் குடுத்திருக்கும் எண்டு கேட்டா முழிக்குதுகள். டெஃப் மியூட் எண்டதும் அதே கேஸ்தான். வட்ஸ்அப் குரூப்ப மியூட் பண்ணுங்க, ஆளப் பண்ணாதீங்க.

பழைய நிறுவனங்கள்ர பேர்ல அந்தச் சொல் இருந்தா? பேர் எண்டா பேர்தான், உள்ளபடி எழுதுங்க, உங்கட சொந்த வசனத்துல மட்டும் வராமப் பாத்துக்கொள்ளுங்க.

கொஞ்சம் கேக்கும், கொஞ்சம் கேக்காது எண்டா ஹார்ட் ஒஃப் ஹியரிங். காத்தான்குடியில இருந்து வாற ஒரு பொடியன்ட மூத்தவாப்பாவுக்குக் காது மந்தம், அவன் எழுதினது ஹீ இஸ் ஹார்ட் ஹியரிங். நடுவுல ஒஃப் இல்லாட்டி அது ஒரு சொல்லே இல்ல. ஹார்ட்லி ஹியரிங் எண்டு எழுதுறதும் பிழை. இத மூண்டு சொல்லா உடைச்சு அர்த்தம் பாக்காதீங்க, ஒரே கட்டா மனப்பாடம் பண்ணுங்க. காது மெஷினுக்கு ஹியரிங் எயிட், அத வெயார் பண்றது, கண்ணாடி மாதிரி.

அடுத்தது ஒள்ளுப்பம் நிண்டு பாக்க வேணும், ஏனெண்டா இது இங்கிலிஷ்ட பிழை இல்ல, தமிழ்ட செல்வம். நமக்குக் கேள் எண்ட ஒரே சொல். சத்தம் கேக்குது, பாட்டுக் கேக்கிறன், கடையில விலை கேட்டன், சொல்லுக் கேக்காத பிள்ளை. நாலுக்கும் ஒண்டுதான். இங்கிலிஷ்ல சத்தம் தானா வந்து காதுல விழுந்தா ஹியர், நாம காதக் குடுத்துக் கவனிச்சா லிஸன், விலை கேட்டா ஆஸ்க், சொல்லுக் கேக்காட்டி அதுக்கும் டஸின்ட் லிஸன். இதுலதான் ஒரு தாய் மாட்டினா. மகனுக்கு இடப்பக்கக் காது மந்தம், டீச்சருக்குச் சொல்லணும், இங்கிலிஷ் மீடியம் எண்டதால இங்கிலிஷ்லயே எழுதுவம் எண்டு மை சன் டஸ் நொட் லிஸன் இன் த கிளாஸ் எண்டு எழுதிக் குடுத்துவிட்டிருக்கா. டீச்சருக்கு விளங்கினது, இந்தப் பொடியன் குழப்படி, தாயே ஒத்துக்கொள்றா எண்டு. ரெண்டு கிழமை அந்தப் பிள்ளை கடைசி வாங்குல தனிய இருந்திச்சு. முன்னுக்கு இருக்க வேண்டிய பிள்ளை.

அந்தக் கடிதத்த நானும் அவவும் திருப்பி எழுதினம். மூண்டே வசனம், வேணுமெண்டா நீங்களும் பாத்து எழுதலாம்: மை சன் இஸ் ஹார்ட் ஒஃப் ஹியரிங் இன் ஹிஸ் லெஃப்ட் இயர். ப்ளீஸ் லெட் ஹிம் சிட் இன் த ஃப்ரன்ட் ரோ, ஒன் த லெஃப்ட் சைட். ப்ளீஸ் ஃபேஸ் ஹிம் வென் யூ ஸ்பீக். இடப்பக்கம் ஏன் எண்டா அப்பதான் நல்ல காதான வலக்காது கிளாஸ்ஸப் பாத்து இருக்கும். கடைசி வசனம்தான் பெறுமதி, போர்ட்டப் பாத்துக்கொண்டு படிப்பிச்சா அந்தப் பிள்ளைக்கு வாயசைவும் தெரியாது.

ஹியருக்கும் லிஸனுக்கும் வித்தியாசம் மறக்காம இருக்க நான் கிளாஸ்ல சொல்றது மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்துக் கதை. பூரணையண்டு ராவையில வாவியில தோணிய நிப்பாட்டி, துடுப்புட ஒரு நுனியத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியக் காதுல வச்சா மீன் பாடுறது கேக்கும் எண்டு சொல்லுவாங்க தானே. மச்சாளையும் கூட்டிக்கொண்டு போனன். நான் காதுல வச்சன், அவ தாடையில முட்டுக் குடுத்து வச்சா, அதிர்வு வந்தா எனக்குத்தான் முதல்ல தெரியும் எண்டு சவால் வேற. அரை மணித்தியாலம். நுளம்புக் கடிதான் மிச்சம். ஐ லிஸன்ட், பட் ஐ குடின்ட் ஹியர் எனிதிங். காதக் குடுத்தன், ஒண்டும் விழல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே ரிசல்ட்.

சில இடத்துல டெஃப் எண்டதுட டிய கெப்பிட்டலாப் போட்டிருப்பாங்க, அதப் பாத்து டைப்பிங் பிழை எண்டு திருத்திப் போடாதீங்க. 1972ல ஜேம்ஸ் வூட்வார்ட் எண்ட மொழியியலாளர் தொடக்கிவச்ச வழக்கம் அது. சின்ன டி எண்டா காது கேக்காத நிலை, பெரிய டி எண்டா சைகை மொழி பேசுற, தங்கள ஒரு சமூகமா நினைக்கிற ஆக்கள், தமிழர், சோனகர் எண்டு சொல்றமே அந்த மாதிரி. நமக்குத் தமிழ்ல பெரிய எழுத்தே இல்ல, அதால இந்த நுணுக்கம் முதல்ல பிடிபடாது. அந்த ஆள் எப்பிடி எழுதுதோ அப்பிடி எழுதுங்க, தெரியாட்டி சின்ன டி போடுங்க. காது கேக்கிற நமக்கும் அவங்க ஒரு பேர் வச்சிருக்காங்க, ஹியரிங் பீப்பிள். கேக்கவே வித்தியாசமா இருக்கும், நமக்கெல்லாம் பேரே தேவையில்ல எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டு இருந்தம். கோட்டுல ஹியரிங் எண்டா வழக்கு விசாரணை, அது வேற, குழம்பாதீங்க.

இனி பழமொழிப் பக்கம். ஃபெல் ஒன் டெஃப் இயர்ஸ் எண்டு இங்கிலிஷ்ல ஒண்டு, நம்மட செவிடன் காதுல ஊதின சங்குக்கு அச்சொட்டா அதேதான். டேர்ன் எ டெஃப் இயர் எண்டா கேட்டும் கேக்காத மாதிரி இருக்கிறது. டெஃப் ஏஸ் எ போஸ்ட் எண்டா டமாரச் செவிடு, அந்த போஸ்ட் தபால்கந்தோர் இல்ல, நட்டு வச்ச மரக்கட்டை. டோன் டெஃப் எண்டது முதல்ல சுருதி பிடிபடாத ஆளுக்குச் சொன்னது, இப்ப ஊரே வெள்ளத்துல கிடக்கக்குள்ள ஹோட்டல்ல சாப்பிட்ட படம் போடுறானே, அவனுக்குச் சொல்றாங்க. வாசிக்கக்குள்ள இதெல்லாம் விளங்க வேணும், அதுக்காகத்தான் சொல்றன். எழுதுறது உங்கட இஷ்டம், நான் இப்ப எழுதுறல்ல.

ஏனெண்டா, வடிகான் வெட்டித் தரச் சொல்லி நாலு தரம் கடிதம் போட்டும் ஒண்டும் நடக்கல்ல எண்டு ஒரு ரிப்போர்ட்ல அவர் ரிக்வெஸ்ட்ஸ் ஃபெல் ஒன் டெஃப் இயர்ஸ் எண்டு போட்டிருந்தன். மச்சாள் கேட்டா, கடிதம் வாங்கின அந்தப் பெரியவருக்குக் காது கேக்குமா எண்டு. கேக்கும் எண்டன். கேக்கிற காத வச்சுக்கொண்டு அவர் செய்யல்ல, அதுக்கு ஏன் என்ட காதப் பிடிச்சு இழுக்கிறாய் எண்டா. என்னத்தச் சொல்ல. வள்ளுவர் கூட 418ஆம் குறள்ல, கேள்வி ஞானம் துளைக்காத காதத்தான் கேட்டாலும் கேளாத காது எண்டு சொல்றார், பழி அங்க கேக்கிற காதுக்குத்தான். தே இக்னோர்ட் அவர் ரிக்வெஸ்ட்ஸ் எண்டு எழுதினா முடிஞ்சுது, யார் செய்யல்ல எண்டதும் தெளிவா வரும். டெஃபனிங் நொய்ஸ், காதடைக்கிற சத்தம், அதுல ஆரையும் குத்தல்ல, தாராளமா எழுதுங்க.

தமிழ்ல இருந்து அப்பிடியே தூக்கிப் போடுறதுலயும் கவனம். செவிட்டப் பொத்தி அறைஞ்சான் எண்டா நமக்குக் கன்னமும் காதும் சேர்ந்த இடம், அத ஒரு பொடியன் ஹீ ஸ்லெப்ட் ஹிஸ் டெஃப் எண்டு எழுதினான், அண்டு முழுக்க கிளாஸ் நடக்கல்ல.

ஓஎல் படிக்கிற ஆக்களுக்கு ஒண்டு. கணக்குல ரூட் ரெண்டு, ரூட் மூண்டு எல்லாம் இங்கிலிஷ்ல சர்ட். அது லத்தீன்ல செவிடு எண்ட சொல். அரபுக் கணித மேதைகள் இப்பிடி முடியாத மூலத்துக்குச் செவிட்டு மூலம் எண்டு பேர் வச்சாங்க, லத்தீனுக்கு மாத்தின ஆக்கள் அதையும் சேர்த்தே மாத்திட்டாங்க. எப்ஸர்ட் எண்ட சொல்லுக்குள்ள இருக்கிறதும் அந்த சர்ட்தான். அவனவனுக்கு விளங்காதத எல்லாம் செவிடு எண்டு சொல்லி வச்சிருக்கான்.

சைகை மொழிக்கு சைன் லேங்குவேஜ். எக்ஷன் எண்டு சொல்லாதீங்க, அது நாடகத்துல. அமெரிக்காவுட சைகை மொழியும் பிரிட்டனுடையதும் வேற வேற, எழுத்துக் காட்டுறதுக்கே அமெரிக்காவுல ஒரு கை, பிரிட்டன்ல ரெண்டு கை, அதால த சைன் லேங்குவேஜ் எண்டு உலகத்துக்கே ஒண்டு இருக்கிற மாதிரி எழுதக் கூடாது. கூட்டத்துல நிண்டு கையால சொல்ற ஆள் இன்டர்பிரிட்டர், டிரான்ஸ்லேட்டர் எண்டா எழுத்துல மொழிபெயர்க்கிறவர். டெஃப் ஆள் ஒருத்தரோட கதைக்கக்குள்ள இன்டர்பிரிட்டரப் பாத்து டெல் ஹேர் எண்டு சொல்லாம, டெஃப் ஆள்ர முகத்தப் பாத்து நேராவே கதைங்க.

கடைசியா ஒரு சொல். நெவர் மைன்ட். இது அகராதியில ஒரு பிழையும் இல்லாத சொல், ஆனா ஒரு டெஃப் ஆள் என்ன கதைக்கிறீங்க எண்டு கேக்கக்குள்ள இத மட்டும் சொல்லிடாதீங்க, ஐல் டெல் யூ லேட்டர் எண்டதும் அதேதான். நம்மட ஒண்டுமில்ல விடு, பிறகு சொல்றன். கண்ணகி அம்மன் குளுத்திச் சடங்குக்கு வீட்டுல எல்லாரும் கூடியிருந்த நேரம், பெரியப்பா ஏதோ ஒரு பகிடி விட்டார், வீடே சிரிச்சுது, மச்சாள் என்ட தோளத் தட்டி என்ன எண்டு கேட்டா, நான் சிரிச்சுக்கொண்டே பிறகு எண்டு கையக் காட்டினன். ஒரு வசனத்துல சொல்லியிருக்கலாம். ஹீ மேட் எ ஜோக் எபௌட் த கோட், ஆட்டப் பத்தி ஏதோ, அவ்வளவாவது. இப்ப எனக்கே அந்தப் பகிடி ஞாபகம் இல்ல, பெரியப்பாவும் இல்ல. அவ இன்னும் கேக்கிறா.